குதிரில் வெட்டிய கதவு

உத்திரமேரூர்,
22-1-1984, ஞாயிறு.

அன்பான மாமாவுக்கு உங்கள் பாக்கியமேரி எழுதுவது. அந்தக் குளிரிலும் தனிமையிலும் கர்த்தர் உங்களுக்குத் துணையாக இருப்பாராக. இங்கே நானும் அத்தையும் நலம். அத்தைக்கு மார்கழியில் பிடித்த இருமல் மட்டும் இன்னும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார்கள்.

ஸ்டுட்கார்ட் யூனிவர்சிட்டியிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி முழங்கால் அளவு நிற்கிறது என்று எழுதியிருந்ததை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "அதுல இன்னாத்தப் போட்டுக்கினு நடக்கிறான்னு கேளு" என்றார்கள். கேட்டுவிட்டேன். மறக்காமல் பதில் எழுதுங்கள், தினம் விசாரிக்கிறார்கள்.

டிசம்பர் மழையில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனதால் சம்பா நன்றாக விளைந்திருக்கிறது. மானாம்பதி ரோட்டில் எந்நேரமும் நெல் வண்டிகள். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறுப்பு முடியும்வரை பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களை வைத்துக்கொண்டு வட்டத்தின் பரப்பளவை மூன்றாவது முறையாக நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இனி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணம். ஏகாம்பரத்தின் ரைஸ் மில்லுக்கு நீங்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தீர்களே, அந்த இரும்புக் குதிருக்குள் பொங்கலிலிருந்து நெல் கொட்டுகிறார்கள். நாற்பதடி உயரம், இருபதடி அகலம். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். முக்கால்வாசி நிரம்பிவிட்டது என்று அங்கே லாரிக்கு நெல் ஏற்றுகிற என் ஐசக் அண்ணன் இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அடியில் நடுவில் இருக்கும் துளை வழியாக நெல் இறக்கினால் ஒரு லாரி நிறைய அரை நாள் ஆகுமாம். கீழே இருக்கும் மோட்டாரும் அடிக்கடி நின்றுவிடுகிறதாம். அதனால் முதலாளி காஞ்சிபுரத்திலிருந்து வெல்டிங் ஆள் கூட்டி வந்து, லாரியின் தலைக்கு மேல் வருகிற உயரத்தில், பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டி வைத்துவிட்டாராம். லாரி நேராகக் கதவுக்கு அடியில் வந்து நின்றால் கால் மணியில் நிறைந்துவிடும் என்று அண்ணன் சந்தோஷமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்கள் கணக்கைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மாமா, அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குள் கொடுக்கக் கார்டுகளில் துளை போட்டுப் பஞ்ச் செய்தவள் நான். அப்போது நமக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் கோடிங் தாளை நீட்டிவிட்டு, தப்பு இல்லாமல் அடித்துக் கொடுங்கள் சிஸ்டர் என்று கெஞ்சுகிற எத்தனையோ பேரில் நீங்களும் ஒருவர். தாளின் தலைப்பில் உத்திரமேரூர் என்று இருந்ததால்தான் நிமிர்ந்து பார்த்தேன். அன்றைக்கு நீங்கள் விளக்கியது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. ஃபைனைட் எலிமெண்ட் என்றால் பெரிய ஒன்றைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு தள்ளுகிறது, இழுக்கிறது என்று கணக்குப் போடுவது என்றீர்கள். குதிர் முழுவதையும் பிரித்தால் அந்த மிஷினில் இடம் போதாது, அதனால் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு கீற்று எடுத்து அதை நாற்பது துண்டாக்கினால் போதும், சுற்றிலும் எல்லாம் அதே மாதிரிதானே என்றீர்கள். நாற்பது துண்டுக்கு நாற்பது கார்டு. ஒவ்வொன்றிலும் தகட்டின் கனம் மூன்று மில்லிமீட்டர் என்று நான்தான் அடித்தேன்.

சுற்றிலும் எல்லாம் ஒரே மாதிரி. ஒரு பக்கத்தில் கதவு வைத்துவிட்டால் அது எப்படி ஒரே மாதிரி ஆகும்? நடுவில் ஓடுகிற நெல் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும். ஒரு ஓரத்தில் ஓடுகிற நெல்?

நான் உங்களைப் போலப் படித்தவள் இல்லை. பயப்பட ஒன்றும் இல்லை, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். அது வரும்வரை ஐசக் அண்ணன் அந்தக் கதவுக்கு அடியில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
பாக்கியம்.


உத்திரமேரூர்,
5-2-1984, ஞாயிறு.

அன்பு மாமாவுக்கு,

ஆண்டவர் நம் எல்லோரையும் காப்பாற்ற வேண்டும். முந்தின கடிதம் உங்கள் கைக்கு வந்ததா இல்லையா என்று தெரியாமலே இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை முதல் தடவையாகக் கதவு திறந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது ஐசக் அண்ணன் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார். தலையெல்லாம் உமித்தூசி. அண்ணன் எதற்கும் பயப்படாத ஆள் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே பேச ஆரம்பித்தார். "நெல்லு ஓட ஆரம்பிச்சதும் தகடு உள்ள போவுது, வெளிய வருது பாக்யம். மூச்சு வுட்ற மாதிரி கீது. அப்பறம் டொம்முனு ஒரு சத்தம். கதவுக்கு மேல குழி வுழுந்துகினு கீது. கதவ மூடியும் அது நிமிரல" என்றார். நான்கு லாரி ஏற்றிய பிறகுதான் மூடினார்களாம்.

நேற்று நானே மில்லுக்குப் போனேன். குதிரின் பக்கத்தில் போய் நின்றேன். வெயிலில் தகடு சுட்டது. பள்ளிக்கூடத்து அடிக்கோலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைத் தகட்டின் மேல் படுக்கையாக வைத்துக்கொண்டே சுற்றி வந்தேன். வட்டமாக இருக்கும் இடத்தில் கோலின் நடு மட்டும் தகட்டைத் தொட்டது, இரண்டு முனையும் விலகி நின்றன. அது சரி. கதவுக்கு இடப்பக்கம் வந்தபோது இரண்டு முனையும் தொட்டன, நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில் என் சுண்டுவிரல் நுழைந்தது. இது என் கைக்கு எட்டுகிற உயரத்தில். மேலே இருக்கும் குழி இரண்டு முறம் அகலத்துக்குக் கண்ணுக்கே தெரிகிறது. மாமா, அது இனி வட்டம் இல்லை. நீங்கள் கணக்குப் போட்டது வட்டத்துக்கு.

ஏகாம்பரத்தின் அறைக்குப் போனேன். நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். கீழே உங்கள் கையெழுத்து. நான் நின்றுகொண்டே முழுவதும் படித்தேன். இதே குதிர்க் கணக்கை வைத்து நீங்கள் எழுதிய தீசிஸில் பன்னிரண்டாம் பக்கத்தில், நெல் நடுத்துளை வழியாக மட்டுமே இறக்கப்படும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது என ஒரு வரி இருக்கிறது. இதில் அந்த வரி இல்லை. குதிர் பத்திரமானது என்று மட்டும் இருக்கிறது. மில்லுக்குக் கடன் கொடுக்கிற பாங்க்காரர்கள் ஒரே பக்கத்தில் கேட்டார்கள், அதனால் சுருக்கிவிட்டேன் என்று நீங்கள் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றுதான் அந்த அறையில் முதல் தடவையாக உங்களுக்கு நாற்காலி போட்டார்கள் என்றும் சொன்னீர்கள். உங்கள் அப்பா அந்த மில் வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர். நீங்கள் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் நேற்று நாற்காலி காட்டினார். உட்காரத் தோன்றவில்லை.

எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசித்து, மேஜையில் கிடந்த பழைய காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டி நிறுத்தினேன். அதன் தலையில் அவருடைய டெலிபோன் புத்தகத்தை வைத்தேன். தாங்கியது. குழலின் பக்கத்தில் ஒரு விரலால் லேசாகத் தொட்டேன். மடங்கிப் புத்தகம் விழுந்தது. மெல்லிய தகடு இப்படித்தான் ஐயா, உருண்டையாக இருக்கும்வரை தாங்கும், ஒரு பக்கம் நெளிந்துவிட்டால் கைவிட்டுவிடும் என்றேன். அவர் சிரித்தார். "பேப்பரும் இரும்பும் ஒண்ணாம்மா? உன் வூட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டுக் கையெழுத்து வச்சிகீறாரு. அவர வுட நீ பெரிய ஆளா? பயப்படாதம்மா, பொழப்பப் பாரு" என்றார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கும் உள்ளே கொஞ்சம் பயம் இருக்கிறது என்று நினைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் ஐசக் அண்ணனிடம், இனி மில் வேலைக்குப் போக வேண்டாம், காய்ச்சல் என்று சொல்லி அனுப்பு என்றேன். சிட்டம்மாள் அண்ணிக்குக் கோபம். அறுப்புக் காலத்தில் ஆம்பளை வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டார்கள். நான் அழுத அழுகையைப் பார்த்துத்தான் சும்மா இருந்தார்கள்.

நாளைக் காலை தபால் ஆபீசுக்குப் போய் உங்களுக்குத் தந்தி கொடுக்கப்போகிறேன். பக்கத்தில் கதவு வெட்டிவிட்டார்கள், தகடு நெளிந்துவிட்டது, என்ன செய்வது என்று. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அது உங்களை எட்டிவிடும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வகுப்பில் வெளியே ஏதாவது கனமாக விழுந்தால் சாக்பீஸ் கையிலிருந்து நழுவிவிடுகிறது.

உங்களுக்காகவும் எங்களுக்காகவும் மன்றாடும்,
பாக்கியம்.


உத்திரமேரூர்,
19-2-1984, ஞாயிறு.

மாமா,

வெள்ளிக்கிழமை நான் கொடுத்த தந்தி வந்திருக்கும். மில்லில் வேலை செய்த நம் கோபால் போய்விட்டான். தந்தியில் அவ்வளவுதான் எழுத முடிந்தது. மற்றதை இப்போது எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தந்தி பதினொன்றாம் தேதி சனிக்கிழமை வந்தது. கதவைத் திறக்கக் கூடாது, நடுத்துளையில் மட்டும் மெதுவாக இறக்கவும், புதிதாகக் கணக்குப் போடுகிறேன் என்று இருந்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏகாம்பரம் இரண்டு தடவை படித்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கதவைப் பூட்டச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அங்கேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நடுத்துளையில்தான் இறக்கினார்கள். புதன் மத்தியானம் மோட்டார் எரிந்துவிட்டது. வாலாஜாபாத்திலிருந்து வந்த லாரிகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. டிரைவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். வியாழன் காலையில் முதலாளி, இன்னும் நான்கு லாரி மட்டும் என்று சொல்லிக் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்.

லாரியின் மேலே நின்று நெல்லைப் பரப்பிவிடுவது ஐசக் அண்ணனின் வேலை. அண்ணன் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தார். அந்த இடத்தில் கோபாலை ஏற்றினார்கள். அவன் எப்போதும் மூட்டை தைக்கிற கொட்டகையில் இருப்பவன், குதிர்ப் பக்கம் வருகிறவனே இல்லை.

காலை பதினொரு மணி இருக்கும். நான் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். இடி மாதிரி இல்லை மாமா. பெரிய தகரத்தை யாரோ கையால் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னால் மழை கொட்டுகிற மாதிரி இன்னொரு சத்தம். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். எனக்கு ஜன்னலுக்குப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. செருப்பில்லாமல் ரோட்டில் ஓடினேன்.

கதவுக்கு மேலே தகடு உள்ளே மடங்கி, மடங்கிய இடத்தில் கிழிந்து, அந்தப் பக்கம் முழுவதும் லாரியின் மேல் சாய்ந்துவிட்டது. லாரி தெரியவில்லை. நெல்தான் தெரிந்தது. தூசியில் ஆள் அடையாளம் தெரியாமல் எல்லோரும் கையாலும் முறத்தாலும் மண்வெட்டியாலும் வாரினார்கள். வார வார மேலிருந்து சரிந்து மூடிக்கொண்டே இருந்தது. ஐசக் அண்ணன் எப்போது வந்தாரோ தெரியாது, இடுப்பளவு நெல்லில் நின்று வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மறுபடி குனிந்து வாரினார். டிரைவர் வண்டிக்குள் கால் ஒடிந்து உயிரோடு கிடந்தார். கோபாலை மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்தார்கள். உடம்பில் ஒரு காயம் கிடையாது. வாயிலும் மூக்கிலும் நெல்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கோபால் சைக்கிளில் எதிரே வந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கி, "அண்ணனுக்கு ஜொரம் எப்டி கீது டீச்சர்?" என்று கேட்டான். பரவாயில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காய்ச்சல் இல்லை கோபால், நீயும் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்ல என் வாயில் இடம் இருந்தது. பொய் வெளிப்பட்டால் அண்ணனுக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன். என் பயத்தை என் வீட்டு ஆளுக்கு மட்டும் செலவழித்துவிட்டேன். அவன் மணி அடித்துக்கொண்டு போனான்.

நேற்று அடக்கம். ஏகாம்பரம் வந்து கோபாலின் மனைவி அம்முலுவின் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

உங்கள் புதுக் கணக்கு என்ன சொல்லிற்று? எழுதுங்கள். எனக்காக ஜெபம் பண்ணுங்கள்.

பாக்கியம்.


உத்திரமேரூர்,
4-3-1984, ஞாயிறு.

என் அன்பான மாமாவுக்கு,

அத்தைக்கு இருமல் நின்றுவிட்டது. நான் உடம்பால் சுகம். வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் இங்கே நடந்ததை எழுதிவிடுகிறேன்.

விசாரணை அதிகாரி இரண்டு முறை வந்துபோனார். ஏகாம்பரம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், நெல் அடைத்துக்கொண்டது என்று கோபால் யாரையும் கேட்காமல் சம்மட்டியால் தகட்டில் ஓங்கி அடித்தான், அதனால்தான் குதிர் சரிந்தது என்று இருக்கிறது. கூடவே உங்கள் ஒரு பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறார். குதிர் பத்திரமானது என்று இஞ்சினீயர் சொல்லியிருக்கிறார், ஆகவே தவறு அடித்தவனுடையது என்பது அவர் வாதம். மில்லில் நெல் அடைத்தால் மரச்சுத்தியால் தட்டுவது எல்லோரும் செய்வது, மேஸ்திரியே எடுத்துக் கொடுப்பது என்று ஐசக் அண்ணன் சொல்லப் போனார். அண்ணன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, அவர் சாட்சி எப்படிச் செல்லும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. எல்லோருக்கும் நாளைக்கு அதே மில்லில்தான் வேலை.

புதன்கிழமை மில் கிளார்க் வேதகிரி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மரத்தடியில் நின்று நல்லவிதமாகத்தான் பேசினார். "சாரு வெளிநாட்டுல பேரும் புகழுமா கீறாரு. அவுரு பேப்பர் தப்புன்னு ஆயிட்டா மொதல்ல பேஜாரு அவுருக்குத்தான் டீச்சர். உங்க வேலையும் இன்னும் பர்மனென்ட் ஆவல. எல்லாம் யோசிச்சுக்கினு பேசுங்க" என்றார். அவர் போன பிறகு ஒரு மணி நேரம் நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. அன்றிலிருந்து வாசலில் சைக்கிள் நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். தபால்காரர் வந்தால்கூட.

இனி உங்கள் கடிதம். அங்கே இருக்கும் பெரிய மிஷினில், இந்தத் தடவை ஒரு கீற்று இல்லாமல் குதிர் முழுவதும் சுற்றிலும் ஆயிரத்து இருநூறு துண்டுகளாகப் பிரித்து, நெல் கதவுப் பக்கம் மட்டும் ஓடுவதாக வைத்துப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவுக்கு மேலே தகட்டை நசுக்குகிற பாரம் நாம் முன்பு நினைத்ததைப் போல நான்கு மடங்கு என்று. குதிர் பாதி நிரம்பியிருந்தாலே போதும், தானாக மடங்கும், யாரும் தட்ட வேண்டியதில்லை என்று. நான் அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? யாரும் தட்ட வேண்டியதில்லை. கோபாலின் பேரைக் காப்பாற்றுகிற ஒரே வரி அது. இந்த ஊரில் அது வேறு யாரிடமும் இல்லை.

கோபாலுக்காக அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அந்தத் தாளில் மை பரவிய இடம் இருக்கிறது.

கடைசிப் பாராவையும் படித்தேன். ஜூன் மாதம் நீங்கள் வாசிக்கப்போகும் கட்டுரையே அந்த முதல் கணக்கின் மேல்தான் நிற்கிறது என்றும், விசாரணையில் உங்கள் பேர் அடிபட்டால் உதவித்தொகை நின்றுவிடும், பாதியில் திரும்ப வேண்டிவரும் என்றும், இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மாமா, நான் கிழிக்கவில்லை. அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன், உண்மை. உங்கள் அப்பா கூலி வேலை செய்து உங்களைப் படிக்க வைத்தது, நீங்கள் ஹாஸ்டலில் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுப் புத்தகம் வாங்கியது, நம் தெருவிலிருந்து ஒருவர் விமானம் ஏறினார் என்று பிள்ளைகள் எல்லாம் வாய் பிளந்தது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்கும் அதெல்லாம் வேண்டும். நீங்கள் தலை குனிந்து திரும்பி வருவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. ஆனால் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, சைக்கிளிலிருந்து இறங்கி நின்று விசாரித்தானே, அந்த முகம்தான் வந்தது. ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை என்னால் முடியாது.

நேற்று மத்தியானம் அம்முலுவின் வீட்டுக்குப் போனேன். புளி அடித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து முதலில் என் பொய்யைச் சொன்னேன். ஐசக் அண்ணனுக்குக் காய்ச்சல் இல்லை, நான்தான் நிறுத்தினேன், புதன்கிழமை கோபாலைப் பார்த்தும் சொல்லாமல் வந்தேன் என்றேன். அவள் கை நின்றது. எடுத்த கொட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பிறகு, "என் ஆளுகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே டீச்சர்" என்றாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

அப்புறம் உங்கள் கடிதத்தை எடுத்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். துண்டு, பாரம், மடங்குவது எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கிழித்துவிடு என்று எழுதியிருந்ததையும் விடவில்லை. அதை மறைத்தால் அது இரண்டாவது பொய்.

"அவுருக்கும் பயமா கீதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

தலையை ஆட்டினாள். புளிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். தன் துணிக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இப்போது அது என்னுடையது இல்லை, உங்களுடையதும் இல்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, அதிகாரி மூன்றாவது தடவையாக வருகிறார். அன்றைக்கு அம்முலு அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போவாள். வாசித்துக் காட்ட நான் கூடப் போவேன். உங்கள் மனைவியாக இருந்துகொண்டு, நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதத்தை உரக்கப் படிக்க வேண்டிய நாள் வர வேண்டாம் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன். அதற்கு முன்னால், உங்கள் கையாலேயே, உங்கள் கையெழுத்தோடு, புதுக் கணக்கையும் நடுத்துளை பற்றி விட்டுப்போன அந்த ஒரு வரியையும் அதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள். விலாசம் தனித் தாளில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் பதினைந்தாம் தேதி வாக்கில் உங்களுக்குக் கிடைக்கும். மறுநாளே ரிஜிஸ்டரில் போட்டால் நேரத்துக்கு வந்துவிடும். முடியாவிட்டால் தந்தியாவது கொடுங்கள். உங்கள் பெயரில் வந்தால் அது ஒரு இஞ்சினீயர் சொன்ன உண்மை. என் வாயால் வந்தால் அது மனைவி காட்டிக்கொடுத்தது.

பாதியில் திரும்பி வந்தால் வாருங்கள். அத்தையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஊர் என்ன பேசினாலும் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். தைரியமாக இருங்கள் என்று உங்களுக்கு எழுத எனக்கு யோக்கியதை இல்லை, எனக்கே அது இல்லை. பயந்துகொண்டே எழுதுங்கள் மாமா. ஆனால் எழுதிவிடுங்கள்.

கர்த்தர் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வாராக.

என்றும் உங்கள்,
பாக்கியமேரி.